விளையாட்டு விஞ்ஞானமும் உழைப்பவன் உடம்பும்

(தொழிலாளர் படிப்பகம் ஒன்றில், ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஆற்றிய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் சிலருக்கு விசித்திரமாகப் படலாம். பஞ்சப்படி பற்றிப் பேசப் போவதில்லை. கூலி உயர்வு பற்றியும் பேசப் போவதில்லை. விளையாட்டு விஞ்ஞானம், விளையாட்டு வைத்தியம் என்று இரண்டு மேல்படிப்புகள் இருக்கின்றனவே, அவற்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று பட்டப்படிப்பு வரை வந்துவிட்டார்கள். அதில் ஒரு பெண்ணோ பையனோ, "மேற்கொண்டு விளையாட்டு விஞ்ஞானத்தில் எம்.எஸ்ஸி. படிக்கிறேன்" என்று சொன்னால் வீட்டில் என்ன பதில் வருகிறது? "பந்து விளையாட ஒரு பட்டமா? ஓடுவதற்கு ஒரு பரீட்சையா? இதைப் படித்து யாருக்கு என்ன லாபம்?" என்றுதான் கேட்கிறார்கள். கேட்கட்டும். கடன் வாங்கிப் படிக்க வைக்கிறவன் கேட்கத்தான் செய்வான். அது நியாயமான கேள்வி. நியாயமான கேள்விக்கு நியாயமான பதில் வேண்டும்.

நான் மெட்ரிகுலேஷனோடு நின்றவன். டாக்டரும் அல்ல, பயில்வானும் அல்ல. ஆனால் இந்தப் படிப்பைப் பற்றி விசாரித்தும் வாசித்தும் பார்த்ததில் ஒரு விஷயம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இந்த விஞ்ஞானத்தின் ஆரம்பப் பாடங்கள் பல மைதானத்திலே எழுதப்பட்டவை அல்ல. நிலக்கரிச் சுரங்கத்திலும், அணைக்கட்டிலும், பஸ்ஸிலும், துறைமுகத்திலும் எழுதப்பட்டவை. உழைக்கிறவன் உடம்பைப் பார்த்துக் கற்றுக்கொண்ட பாடம் அது. கற்றுக்கொண்ட பாடம் உழைக்கிறவனிடம் திரும்பி வந்ததா? அதுதான் இன்றையக் கேள்வி.

படிப்பு என்ன?

முதலில் இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். விளையாட்டு வைத்தியம் என்பது டாக்டர்களுக்கான மேல்படிப்பு. எம்.பி.பி.எஸ். முடித்த பிறகு படிப்பது. முழங்காலில் தசைநார் அறுந்தால் என்ன செய்வது, தலையில் அடிபட்டவனை எப்போது மறுபடி ஆட விடலாம், வெயிலில் சுருண்டு விழுந்தவனை எப்படிக் காப்பாற்றுவது, ஓடும்போது இருதயம் நின்றுபோவது ஏன் என்பதெல்லாம் அதில் வரும்.

விளையாட்டு விஞ்ஞானத்துக்கு டாக்டர் பட்டம் வேண்டியதில்லை. உடற்கல்வியிலோ மற்ற விஞ்ஞானப் பிரிவுகளிலோ பட்டம் பெற்றவர்கள் சேருகிறார்கள். விதிகள் இடத்துக்கு இடம் மாறும். பிஸியோதெரபி படித்தவர்களுக்கு விளையாட்டுப் பிரிவிலேயே தனி மேல்படிப்பு உண்டு.

அங்கே என்ன கற்றுத் தருகிறார்கள்? வேலை செய்யும் உடம்பு எவ்வளவு பிராணவாயுவை இழுக்கிறது, இருதயம் எவ்வளவு வேகமாக அடிக்கிறது, தசை எதை எரித்துச் சக்தி எடுக்கிறது என்பது ஒரு பாடம். மூட்டுகளில் விழும் பாரத்தைக் கணக்கிடுவது இன்னொரு பாடம். குனிந்து தூக்கினால் முதுகெலும்புக்கு என்ன, உட்கார்ந்து தூக்கினால் என்ன என்று அது சொல்லும். உணவு ஒரு பாடம், மனநிலை ஒரு பாடம், பயிற்சித் திட்டம் ஒரு பாடம். இத்தனையையும் அளந்து, எண்ணி, பொய் எது மெய் எது என்று பிரிக்கிற புள்ளிவிவரக் கணிதமும் உண்டு. பந்து விளையாட ஒரு பட்டமா என்று கேட்டோமே, பாருங்கள், இது பந்தைப் பற்றிய படிப்பே இல்லை. உடம்பு உழைப்பதைப் பற்றிய படிப்பு.

நம் நாட்டில் இதற்கு அஸ்திவாரம் பழையது. சென்னையில் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் இருக்கிறதே, அதுதான். 1957-ல் குவாலியரில் லட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரி வந்தது. இன்று அது தேசிய ஸ்தாபனம். 1961-ல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டுக் கழகம் வந்தது. சென்னைக்கு வெளியே மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2018-ல் சட்டம் போட்டு மணிப்பூரில் தேசிய விளையாட்டுப் பல்கலைக்கழகம் அமைத்தார்கள். ஆகவே நம் பிள்ளை சீமைக்குப் போய்த்தான் படிக்க வேண்டும் என்பதில்லை.

பாடம் எழுதிய இடங்கள்

இந்த விஞ்ஞானம் பிறந்த கதைக்கு வருவோம். இத்தாலியிலே டூரின் நகரில் ஆஞ்சலோ மோஸ்ஸோ என்று ஒரு ஆராய்ச்சியாளர் இருந்தார். விரலில் கயிறு கட்டி, கயிற்றின் முனையில் எடை கட்டி, அதைத் திரும்பத் திரும்பத் தூக்க வைத்து, களைப்பு ஏற ஏறத் தூக்கும் உயரம் எப்படிக் குறைகிறது என்று காகிதத்தில் கோடாக வரைந்து காட்டும் கருவியைச் செய்தார். 1891-ல் "களைப்பு" என்ற பெயரிலேயே புத்தகம் எழுதினார். 1913-ல் பெர்லினில் ஒரு ஆராய்ச்சிக் கழகம் திறந்தார்கள். அதற்கு வைத்த பெயர் என்ன? "உழைப்பு உடலியல் கழகம்". பிறகு அது டார்ட்மண்ட் என்ற தொழில் நகரத்துக்குப் போயிற்று. ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த ஆஸ்ட்ராண்ட், ரோடால் என்னும் இன்னொருவருடன் சேர்ந்து 1970-ல் ஒரு பாடப் புத்தகம் வெளியிட்டார். விளையாட்டு விஞ்ஞான மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்த புத்தகம் அது. அதன் தலைப்பும் "உழைப்பு உடலியல் பாடநூல்" என்பதுதான்! பெயரே சாட்சி சொல்கிறது, தோழர்களே.

ஓடுகிறவன் உப்பும் தண்ணீரும் சேர்த்துக் குடிக்க வேண்டும் என்று இன்று விளம்பரத்தில் புட்டியைக் காட்டி விற்கிறார்கள். அந்த ஞானம் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் ஆழமான நிலக்கரிச் சுரங்கத்தில், உஷ்ணத்தில் வேலை செய்தவர்களுக்குக் கையும் காலும் இழுத்துக்கொள்ளும். குரக்குவலி என்கிறோமே, அதுதான். 1923-ல் மாஸ் என்ற ஆராய்ச்சியாளர், வியர்வையோடு உப்பும் போய்விடுகிறது, வெறும் தண்ணீரை மட்டும் குடிப்பதால் இந்த இழுப்பு வருகிறது, தண்ணீரில் கொஞ்சம் உப்புச் சேர்த்தால் தீருகிறது என்று எடுத்துக் காட்டினார்.

1927-ல் அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் "களைப்பு ஆராய்ச்சிச் சாலை" ஒன்று திறந்தார்கள். எங்கே திறந்தார்கள் தெரியுமா? வைத்தியக் கல்லூரியிலும் இல்லை, மைதானத்துப் பக்கத்திலும் இல்லை. வியாபார நிர்வாகம் கற்றுத் தரும் கல்லூரியின் அடித்தளத்தில்! தொழிலாளி எப்போது களைக்கிறான் என்று தெரிந்துகொள்வதில் யாருக்கு அக்கறை இருந்தது என்பதை அந்த இடமே சொல்லும். 1947-ல் அது மூடப்படும் வரை அங்கே வேலை செய்தவர்கள்தான் பின்னால் அமெரிக்கா முழுவதும் விளையாட்டு உடலியல் ஆராய்ச்சிச் சாலைகளை அமைத்தார்கள். இன்றும் நம் ஊர் உடற்கல்விக் கல்லூரிகளில் இருபது அங்குலப் பலகைமேல் நிமிஷத்துக்கு முப்பது தடவை ஏறி இறங்க வைத்து நாடி பார்க்கிறார்களே, ஹார்வர்டு படிச் சோதனை என்று, அதுவும் அங்கிருந்து வந்ததுதான்.

அதே அமெரிக்காவில் கொலராடோ நதியின் குறுக்கே மாபெரும் அணை கட்டினார்கள். இன்று ஹூவர் அணை என்கிறார்கள். 1931 ஜூன் 25-லிருந்து ஜூலை 26 வரை, ஒரே மாதத்தில், உஷ்ணம் தாங்காமல் பதினாறு பேர் செத்தார்கள். அந்த ஆகஸ்டில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டவற்றில் ஒன்று குளிர்ந்த குடிதண்ணீர். மறு வருஷம், 1932-ல், ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் அங்கே போய் வியர்வையையும் உப்பையும் அளந்தார்கள். தண்ணீரின் தேவை விஞ்ஞானிக்குத் தெரிவதற்கு ஒரு வருஷம் முன்பே தொழிலாளிக்குத் தெரிந்திருந்தது. அவன் நாக்கு வறண்டு தெரிந்துகொண்டான். இவர்கள் அளந்து தெரிந்துகொண்டார்கள்.

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் நடந்ததையும் கேளுங்கள். பூமிக்கடியில் மிக ஆழத்தில் வேலை. புதிதாக வந்த கறுப்பினத் தொழிலாளர்கள் உஷ்ணத்தில் விழுந்து செத்தார்கள். சுரங்க முதலாளிகளின் ஆராய்ச்சிச் சாலை, புது ஆட்களை ஆவி நிறைந்த அறையில் நாளுக்கு நான்கு மணி நேரம், எட்டு நாள், தாளத்துக்கேற்ப ஒரு கட்டைமேல் ஏறி இறங்க வைத்தது. உடம்பு உஷ்ணத்துக்குப் பழகியது. சாவு குறைந்தது, உற்பத்தியும் நின்றுவிடாமல் நடந்தது. நிறவெறி ஆட்சியில் அந்தத் தொழிலாளியின் சம்மதத்தை யார் கேட்டார்கள்? அந்த ஆராய்ச்சியை நடத்திய விண்டாம், ஸ்டிரைடம் என்ற இருவர் 1969-ல் மாரத்தான் ஓட்டக்காரர்கள் போதிய தண்ணீர் குடிக்காவிட்டால் வரும் ஆபத்தைப் பற்றி எழுதினார்கள். சுரங்கத்தில் கற்றது மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இன்னும் இரண்டைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். லண்டனில் ஜெரி மாரிஸ் என்ற டாக்டர் 1953-ல் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார். பஸ், டிராம் போன்ற போக்குவரத்தில் வேலை செய்த சுமார் 31,000 ஆண்களின் கணக்கு. மாடி பஸ்ஸில் டிரைவர் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் நாளெல்லாம் படி ஏறி இறங்குகிறார். மாரடைப்பு கண்டக்டர்களுக்குக் குறைவாகவே வந்தது; வந்தாலும் சாவு குறைவு. மாரிஸ் அதோடு விடவில்லை. டிரைவர் வேலைக்கு வரும்போதே பருமனான ஆளாக இருந்திருக்கலாமே என்று சந்தேகப்பட்டு, அவர்களுக்குத் தைத்துக் கொடுத்த சீருடைக் கால்சட்டையின் இடுப்பளவுகளைத் தேடி எடுத்தார். டிரைவர்களின் இடுப்பு ஆரம்பத்திலேயே கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது. அதையும் ஒளிக்காமல் வெளியிட்டு மேலும் ஆராய்ந்தார். விஞ்ஞான நேர்மை என்றால் அது.

இரண்டாவது, சான்பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர்கள். 1951-ல் அவர்களுடைய சங்கத்தின் முயற்சியால் தொழிலாளர்களுக்கு உடல் பரிசோதனை நடந்தது. அந்தப் பதிவுகளை வைத்து பாஃபென்பார்கர் என்ற டாக்டர் 6,351 பேரை 22 வருஷம் தொடர்ந்து கணக்கெடுத்து 1975-ல் வெளியிட்டார். விட்டு விட்டுக் கடுமையாக உழைத்தவர்களிடம் இருதய நோய்ச் சாவு குறைவு என்று கண்டார். தேகப் பயிற்சி ஆயுளைக் காக்கும் என்று இன்று உலகமே சொல்கிறதே, அதற்கு ஆதாரமாக நிற்பவர்களில் ஒரு பஸ் கண்டக்டரும் ஒரு மூட்டைத் தொழிலாளியும் உண்டு. 1996-ல் மாரிஸுக்கும் பாஃபென்பார்கருக்கும் ஒலிம்பிக் சார்பில் பரிசு கொடுத்தார்கள்.

சுமை பாதி, ஓய்வு பாதி

இப்போது உங்களில் ஒருவர் கேட்கலாம்: "அப்படியானால் நாங்கள் நாளெல்லாம் உழைக்கிறோமே, எங்கள் உடம்பு இரும்பாக அல்லவா இருக்க வேண்டும்? நாற்பது வயதில் மூட்டு தேய்ந்து, ஐம்பது வயதில் முதுகு வளைந்து போவானேன்?"

இந்தக் கேள்விக்கு அந்தப் படிப்பே பதில் வைத்திருக்கிறது. பயிற்சி செய்யும்போது தசை பலமாகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மை அப்படி இல்லை. பாரம் தூக்கும் நேரத்தில் தசை தேய்கிறது. நார்களில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழுகிறது. தசையில் சேமித்த சர்க்கரைச் சத்து தீர்கிறது. அதன் பிறகு நல்ல சாப்பாடு, நல்ல தூக்கம், போதிய ஓய்வு கிடைத்தால், உடம்பு கிழிசலைத் தைத்து, முன்னிலும் சற்றுக் கெட்டியாகக் கட்டிக்கொள்கிறது. சென்ற நூற்றாண்டின் நடுவில் லெனின்கிராடில் யாகோவ்லெவ் என்ற விஞ்ஞானி இதை விவரமாக ஆராய்ந்தார். ஆகவே பலம் வருவது சுமையால் மட்டும் இல்லை. சுமைக்குப் பின் வரும் ஓய்வால். ஓய்வு தராமல் மறுபடி சுமை ஏற்றினால்? கிழிசல்மேல் கிழிசல்.

நம் விவசாயிக்கு இது தெரியாததா? உச்சி வெயிலில் ஏர் மாட்டை அவிழ்த்து விடுகிறான். தண்ணீர் காட்டுகிறான், நிழலில் கட்டுகிறான். மாடு படுத்துவிட்டால் தன் பிழைப்பு படுத்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். மாட்டுக்குக் கொடுத்த அந்த நியாயத்தை நாற்று நடுகிற பெண்ணுக்கு யார் கொடுத்தார்கள்?

ஓட்டப் பந்தய வீரனுக்குப் பயிற்சியாளர் திட்டம் போடும்போது கடினமான நாளுக்குப் பின் இலகுவான நாள் வைக்கிறார். தூக்கத்தைக் கேட்டுக் குறிக்கிறார், நாடியைப் பார்க்கிறார். ஓய்வில்லாமல் ஓட்டினால் தூக்கம் கெடும், எடை குறையும், காய்ச்சல் வரும், மனம் சோரும். அதற்கு அதிபயிற்சி நோய் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதே அறிகுறிகள் இரவு ஷிப்ட் முடிந்து மறுநாள் பகல் ஷிப்டுக்கும் வந்து நிற்கிற தொழிலாளிக்கு இருந்தால் என்ன பெயர்? மேஸ்திரி வைக்கிற பெயர் சோம்பேறித்தனம்! உடம்பு ஒன்றுதான், தோழர்களே. நோயும் ஒன்றுதான். பெயர்தான் வேறு.

2018-ல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கணக்கு வெளியாயிற்று. வேலையில் கடுமையாக உடலை வருத்தும் ஆண்களுக்கு, அப்படி வருத்தாத வேலை செய்யும் ஆண்களைக் காட்டிலும் சீக்கிரம் சாகும் அபாயம் நூற்றுக்குப் பதினெட்டு அதிகம் என்று அது சொல்லிற்று. ஓய்வு நேரத்தில் ஓடுகிறவனுக்கு ஆயுள் கூடுகிறது. வேலையில் உடைகிறவனுக்கு ஆயுள் குறைகிறது! ஏன்? ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் காரணங்கள் இவை: ஓடுகிறவன் அரை மணியோ ஒரு மணியோ ஓடுகிறான், களைத்தால் நிற்கிறான். உழைக்கிறவனுக்கு எட்டு மணி, பத்து மணி. நிற்கும் சுதந்திரம் அவனுக்கு இல்லை. குனிந்த நிலை மாறுவதில்லை. கனத்தைத் தூக்கித் தூக்கி ரத்த அழுத்தம் நாளெல்லாம் ஏறியே நிற்கிறது. மீள்வதற்கு நேரமில்லை.

இன்னொரு கணக்கையும் மனதில் வையுங்கள். ஒருவன் மூச்சு முட்ட ஓடும்போது அவன் உடம்பு இழுக்கும் பிராணவாயுவின் உச்ச அளவு ஒன்று உண்டு. எட்டு மணி நேரம் தொடர்ந்து செய்யும் வேலை அந்த உச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது உழைப்பு உடலியலில் பொதுவாக ஏற்றுக்கொண்ட அளவு. வயது ஏற ஏற அந்த உச்சம் இறங்கும். அப்படியானால் இருபது வயதுப் பையனுக்குத் தாங்கும் அதே வேலை ஐம்பது வயதுக்காரருக்கு வரம்பை மீறிய வேலை. வேலை நேரத்தை நீட்டினால் இந்த வரம்பு இன்னும் கீழே வரும். 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றத்தில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா நிறைவேறியது, எதிர்ப்பு எழுந்தது, மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். நாளை மறுபடி யாராவது அப்படி ஒன்றைக் கொண்டுவந்தால், கோஷத்தோடு இந்தக் கணக்கையும் நாம் கொண்டுபோக வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்துக்கும் ஒரு உதாரணம். ரத்தத்தில் இரும்புச் சத்து குறைந்தால் பிராணவாயு தசைக்குப் போய்ச் சேருவது குறையும். ஓட்டக்காரிக்கு இது வந்தால் உடனே ரத்தப் பரிசோதனை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இதைப் பற்றி நடந்த ஒரு ஆராய்ச்சி 1979-ல் வெளியாயிற்று. அந்த நாட்டில் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் நம் மலையகத் தமிழ்ப் பெண்கள். ரத்தசோகை உள்ளவர்களுக்கு இரும்புச் சத்து கொடுத்ததும் நடமாட்டம் கூடியது, பறித்த கொழுந்தின் எடையும் கூடியது. அவள் மந்தமாக இருந்தது மனத்தால் அல்ல, ரத்தத்தால் என்று நிரூபணமாயிற்று. கூடுதலாகப் பறித்த கொழுந்துக்கு ஏற்ற கூலி கிடைத்ததா என்பது ஆராய்ச்சிக்காரர் கேட்கும் கேள்வி அல்ல. அதைச் சங்கம் கேட்க வேண்டும்.

கத்தி யார் கையில்?

இந்த விஞ்ஞானம் கத்தி மாதிரி. காயத்தைத் திறந்து குணப்படுத்தவும் செய்யும், குத்தவும் செய்யும். குத்திய கதைகளையும் சொல்லாமல் இருப்பது நேர்மை ஆகாது.

டார்ட்மண்ட் கழகத்தைச் சொன்னேனே, யுத்த காலத்தில் நாஜி ஆட்சியின் கீழ் அதே கழகத்தின் நிபுணர்கள், பிடித்து வந்த அடிமைத் தொழிலாளர்களுக்கு எவ்வளவு உணவு போட்டால் எவ்வளவு வேலை வாங்கலாம் என்று கணக்குப் போட்டார்கள்.

கிழக்கு ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். 1950-ல் லைப்சிக் நகரில் அமைந்த உடற்கல்வி உயர்கல்லூரி உலகப் புகழ் பெற்றது. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து பயிற்சியாளர்கள் போய்ப் படித்தார்கள். சின்ன நாடு, பதக்கம் மலை போல் குவிந்தது. ஆனால் 1974 முதல் ஆளும் கட்சியின் தலைமையும் சர்க்காரும் ரகசியத் திட்டம் போட்டு, ஆயிரக்கணக்கான வீரர்களுக்கு, சிறுமிகளுக்குக்கூட, ஆண் தன்மையை ஏற்றும் மருந்தைக் கொடுத்தார்கள். வைட்டமின் மாத்திரை என்று சொல்லிப் பலருக்குக் கொடுத்தார்கள். ஈரல் கெட்டது, குரல் மாறியது, கர்ப்பம் பாதித்தது. 2000-ல் பெர்லின் நீதிமன்றம் விளையாட்டுத் துறைத் தலைவர் எவால்டையும், வைத்தியப் பொறுப்பாளர் ஹெப்னரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அது சோஷலிஸ்ட் நாடு என்று பெயர் வைத்திருந்தது என்பதற்காக நாம் இதை மறைக்கக் கூடாது. நம் பத்திரிகையில்தான் இதை முதலில் சொல்ல வேண்டும். தன் உடம்புக்குள் என்ன போகிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை ஒரு பெண் குழந்தைக்கு இல்லையென்றால், அந்தப் பதக்கத்தின் பொன் யாருக்கு வேண்டும்?

நம் ஊருக்கு வருவோம். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி கிராமத்தில் செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள் சாந்தி சௌந்தரராஜன். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். பிறகு பாலினச் சோதனை என்று ஒன்றைச் செய்து பதக்கத்தைப் பறித்தார்கள். சோதனைச் செய்தி ஊர் உலகமெல்லாம் பரவியது. அந்தப் பெண்ணைத் தாங்கிப் பிடிக்க ஒரு கை வரவில்லை. 2012-ல் அவர் மறுபடி சூளையில் கூலி வேலை செய்ததைப் பத்திரிகைகள் எழுதின. பிறகு பயிற்சியாளர் படிப்பு முடித்து, 2016-ல் தமிழ்நாடு அரசின் பயிற்சியாளர் ஆனார். தானே எழுந்து நின்றார். ஒரு டாக்டரின் காகிதம் ஒரு தொழிலாளி மகளின் வாழ்க்கையை என்ன செய்யும் என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்? சோதிக்கிறவனுக்கு ரத்தத்தைப் படிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. எதிரே நிற்பது மனுஷி என்றும் தெரிய வேண்டும். அது தெரிந்த பிள்ளைகள், சூளையையும் ஆலையையும் கண்ணால் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், அந்த நாற்காலியில் போய் உட்கார வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

சரி, நடைமுறைக்கு வருகிறேன்.

முதலாவது, உஷ்ணம். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். புது ஆளுக்கு முதல் நாள் உஷ்ணத்தில் ஐந்தில் ஒரு பங்கு வேலை மட்டும், பிறகு நாளுக்கு ஐந்தில் ஒரு பங்காகக் கூட்ட வேண்டும் என்று அமெரிக்க சர்க்காரின் தொழில் சுகாதார ஆராய்ச்சிக் கழகம் சிபாரிசு செய்கிறது. ரிங் பிரேம் ஷெட்டில் இழை அறாமல் இருக்க ஈரமும் உஷ்ணமும் வைக்கிறார்கள். காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை ஆவியாகாது, உடம்பு குளிராது. அந்த ஷெட்டில் புதிதாக வந்த பெண்ணை முதல் நாளே முழுச் சைடு பார்க்க விடுவது விஞ்ஞானத்துக்கு விரோதம். நாள் கணக்கில் பழக்கிவிடச் சொல்லுங்கள்.

இரண்டாவது, தண்ணீர், நிழல், ஓய்வு. மத்திய அமெரிக்காவில் எல்சால்வடார், நிகராகுவா நாடுகளில் கரும்பு வெட்டும் இளைஞர்கள் சிறுநீரகம் கெட்டு ஆயிரக்கணக்கில் செத்தார்கள். சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இல்லாத வாலிபர்கள்! உஷ்ணத்தில் ஓய்வில்லாத உழைப்பு அதற்கு முக்கியக் காரணம் என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. தண்ணீரும் நிழலும் கொடுத்து, ஓய்வு நேரத்தைக் கூட்டிய இடத்தில் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. தண்ணீர் மட்டும் கொடுத்து ஓட்டினால் போதாது. ஓய்வும் சேர வேண்டும். நம் நாட்டில் 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே, ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல் வேலை வாங்காதே, அரை மணியாவது ஓய்வு கொடு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கோடையில் குளிர்ந்த தண்ணீர் வை என்றது. அது ஆலைக்கு. வயலுக்கு அப்படி ஒரு வரி அதில் இல்லை. வயலில் வேலை செய்கிறவருக்கும் வியர்வை உப்பாகத்தானே இருக்கிறது?

மூன்றாவது, படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எம்.எஸ்ஸி. பட்டத்துக்கு ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டும். பெரிய கிளப் வீரர்களின் நாடியை மட்டும் ஏன் எண்ண வேண்டும்? கதிர்க்கட்டைத் தலையில் சுமந்து வரப்பில் நடக்கும் பெண்ணின் நாடியை எண்ணுங்கள். மூட்டை தூக்குகிறவர் முதுகில் விழும் பாரத்தைக் கணக்கிடுங்கள். ஆனால் அவர்களிடம் முதலில் சம்மதம் கேளுங்கள். அளந்த முடிவை அவர்களுக்கே தமிழில் விளக்கிச் சொல்லுங்கள். முதலாளிக்கு மட்டும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். சங்கத்திலும் ஒரு பிரதி இருக்கட்டும். சான்பிரான்சிஸ்கோவில் சங்கத்தின் முயற்சியால் நடந்த பரிசோதனைதானே உலகத்துக்கே பாடமாயிற்று!

நான்காவது, பெற்றோருக்கு. இதைப் படித்தால் கை நிறையச் சம்பளம் உடனே கிடைத்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். படிக்கும் இடத்தில் ஆராய்ச்சிச் சாலை இருக்கிறதா, கருவிகள் வேலை செய்கின்றனவா, படித்து முடித்தவர்கள் எங்கே வேலையில் இருக்கிறார்கள் என்று நேரில் போய் விசாரித்துவிட்டுச் சேருங்கள். பளபளப்பான விளம்பரத்தைப் பார்த்துக் கடன் வாங்காதீர்கள். சர்க்கார் ஸ்தாபனங்களை முதலில் பாருங்கள். கல்வி உதவித் தொகை என்னென்ன உண்டு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் "விளையாட்டுப் படிப்பு" என்று பெயரைக் கேட்டதும் கேலி செய்து, பிள்ளையின் ஆசையை முளையிலே கிள்ளாதீர்கள்.

தோழர்களே! ஒரு வீரனுக்குப் பின்னால் பயிற்சியாளர், வைத்தியர், உணவு நிபுணர், பிஸியோதெரபிஸ்ட் என்று பலர் நிற்கிறார்கள். நிற்கட்டும், அதில் நமக்குப் பொறாமை இல்லை. அவன் ஜெயித்தால் நாமும்தான் கைதட்டுகிறோம். நாம் சொல்வது இவ்வளவுதான்: அவன் ஓடுவது சில நிமிஷம், சில மணி, ஒரு சில வருஷம். நீங்கள் ஓடுவது முப்பது வருஷம், நாற்பது வருஷம். நீண்ட ஓட்டம் ஓடுகிறவருக்குத்தான் அதிகத் தண்ணீரும், அதிக ஓய்வும், நல்ல வைத்தியரும் வேண்டும். இதை நான் சொல்லவில்லை; அந்த விஞ்ஞானம் சொல்கிறது. அந்த விஞ்ஞானத்தை நம் பிள்ளைகள் கற்கட்டும். கற்றவர்கள் ஆலை வாசலுக்கும் வயல் வரப்புக்கும் வரட்டும். வரும்போது உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, உங்கள் உடம்பின் கதையை ஒளிக்காமல் சொல்லுங்கள். அதில்தான் அடுத்த பாடம் இருக்கிறது.